பதினோரு தடவை நின்ற வண்டி

தவளக்குப்பம்
5.8.2025, செவ்வாய்

திரு. சவரிராயன் அவர்களுக்கு,

கண்ணையன் முதலாளியோட மண் அள்ளற மூணாம் நம்பர் செயின் வண்டியை ஓட்டிக்கிட்டிருந்த சிவசங்கரி எழுதறது. 'ஓட்டிக்கிட்டிருந்த'ன்னு எழுதும்போதே பேனா பேப்பரைக் கிழிக்குது. கோபத்துல கிழிக்குது. பயத்துலன்னு நீங்க அதையும் எங்கயாவது எழுதி வெச்சிடாதீங்க.

போன சனிக்கிழமை உழவர்கரை யார்டுல எல்லார் எதிர்லயும் என்ன சொன்னீங்க? "வாயால பேசறதெல்லாம் காத்தோட போயிடும்மா, நான் எழுதினது எழுதினதுதான்"னு சொன்னீங்க. சரி, அப்ப நானும் எழுதறேன். போன் பண்ணா நீங்க எடுக்கறதில்ல. அதனால ரெஜிஸ்டர் தபால். கையெழுத்து போட்டுத்தான் வாங்கணும், வரவே இல்லன்னு சொல்ல முடியாது பாருங்க.

வண்டியைப் பார்த்துட்டு நீங்க முதலாளிக்கு ஜாப் கார்டுல எழுதினதை அப்படியே பார்த்து எழுதறேன்: "ஆயில் பிரஷர் சென்சார் மூன்று முறை மாற்றப்பட்டது. வண்டியில் குறை இல்லை. ஆபரேட்டர் பயந்து நிறுத்துகிறார்."

மே மாசத்துலேர்ந்து பதினோரு தடவை அந்த வண்டி என் கையில நின்னுச்சு. வாய்க்கால்ல சேறு அள்ளிக்கிட்டிருக்கும்போது சிவப்பு லைட் எரியுது, பஸ்ஸர் கத்துது, ஆயில் பிரஷர் குறைவுன்னு டிஸ்ப்ளேல வருது. வந்தா என்ன பண்ணணும்? உடனே எஞ்சினை நிறுத்தணும், இல்லன்னா எஞ்சின் ஜாம் ஆகிடும்னு கேபின் கண்ணாடியிலயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. நிறுத்தினேன். அதுக்குப் பேரு பயமா?

ரெண்டு வருஷம் கிரீஸ் அடிச்சு, அப்புறம் ஆறு வருஷமா லீவரைப் பிடிக்கறேன். இந்தப் பக்கத்துல செயின் வண்டி ஓட்டற பொம்பள நான் ஒருத்திதான். "பயந்து நிறுத்துகிறார்"னு ஒரு ஆம்பளையைப் பத்தி எழுதியிருப்பீங்களா? முதலாளி அந்தக் கார்டைப் பார்த்துட்டு, "நீ கொஞ்ச நாள் வீட்ல இரும்மா, கூப்பிடறேன்"னு அனுப்பிட்டாரு. என் சீட்டுல செல்வகுமாரை உட்கார வெச்சாச்சு.

அந்தக் கடைசி வரியை அடிச்சிட்டு, அடிச்ச இடத்துல கையெழுத்து போடுங்க. வேற ஒண்ணும் கேக்கல.

இப்படிக்கு,
சிவசங்கரி


மூலக்குளம்
9.8.2025

சிவசங்கரிக்கு,

ஏம்மா, ரெஜிஸ்டர் தபாலா? போஸ்ட்மேன் என் ஒர்க் ஷாப் வாசல்ல வந்து நின்னு, நாலு கஸ்டமர் எதிர்ல, "சவரிராயன், கோர்ட்டு நோட்டீஸா பாருங்க"ன்னு சத்தம் போடறான். கை பூரா கிரீஸ். அவன் பேனாவெல்லாம் அழுக்காயிடுச்சுன்னு அதுக்கும் ஒரு பாட்டு வாங்கினேன். என் வீட்டுக்காரி பெர்னதெத் லெட்டரை எனக்கு முன்னாடி பிரிச்சுப் படிச்சுட்டு, மத்தியானம் சோறு வெக்கும்போது கரண்டியை எப்படி வெச்சான்னு கேளு.

நான் என்ன சும்மாவா எழுதினேன்? முப்பத்தோரு வருஷமா இந்த வயரிங் வேலையில இருக்கேன். நீ சொன்னேன்னு மூணு தடவை சென்சாரை மாத்தினேன். மூணும் புதுசு. மாத்தும்போதெல்லாம் பிளக்கைக் கழட்டி மீட்டர் வெச்சுப் பார்த்தேன், வர வேண்டிய அஞ்சு வோல்ட் சுத்தமா வருது. கையால மாட்டற கேஜை எஞ்சின்ல மாட்டி ஆயில் பிரஷரையும் பார்த்தேன். அதுவும் கரெக்டு. யார்டுல ஒரு மணி நேரம் எஞ்சினை ஓட விட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸர் கத்தல. லைட் எரியல. என் எதிர்ல ஒரே ஒரு தடவை நின்னிருந்தா நான் எதுக்கு அப்படி எழுதப் போறேன்?

ஆயில் சரி, சென்சார் சரி, கரண்டு சரி. அப்புறம் மிச்சம் யாரு இருக்கா சொல்லு? நீதான். வேற என்னத்த எழுத, பேய் பிடிச்சிருக்குன்னா?

கண்ணையன் ஒரு பக்கம், "என்ன சவரி, நீ சென்சாரா வாங்கிப் போட்டுக்கிட்டே இருக்கே"ன்னு என்னைக் குத்தறாரு. எனக்கும் ஒரு முடிவு எழுதியாகணும். பயம்கறது ஒண்ணும் கெட்ட வார்த்தை இல்ல. நானே இடி இடிச்சா மெயின் சுவிட்சை அணைச்சிடறவன். எழுதினதை அடிக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. கொஞ்ச நாள்ல எல்லாம் ஆறிப் போயிடும், பொறுமையா இரு.

சவரிராயன்


தவளக்குப்பம்
12.8.2025

சவரிராயன் அவர்களுக்கு,

பொறுமையா இருக்கணுமா? நீங்க வந்து இருந்து பாருங்களேன், எங்க வீட்ல, காலையில ஆறு மணிக்கு எழுந்து போக ஒரு இடமும் இல்லாம.

பயம்கறது கெட்ட வார்த்தை இல்லையாம். என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? முதலாளி உங்க ஜாப் கார்டை போட்டோ எடுத்து வண்டி ஓனர்கள் குரூப்புல போட்டுட்டாரு. கீழே சிரிக்கற பொம்மை எத்தனை விழுந்துச்சுன்னு நான் எண்ணல. உழவர்கரையில ஆதிமூலம்னு ஒருத்தர் ரெண்டு செயின் வண்டி வெச்சிருக்காரு. அவருகிட்ட போயி வேலை கேட்டேன். உட்காரச் சொன்னாரு, டீ குடுத்தாரு, அப்புறம் போனை எடுத்து உங்க கையெழுத்தை என் மூஞ்சிக்கு நேரா காட்டினாரு. "கரை ஓரத்துல நின்னு வேலை செய்யற வண்டிம்மா, தைரியமான ஆளு வேணும்"னாரு. அந்த டீயைப் பாதியில வெச்சுட்டு வந்துட்டேன்.

ஒரு வரிதான் எழுதினீங்க. அதை வெச்சு இனி எனக்கு எந்த ஓனரும் சாவி குடுக்க மாட்டான். இது ஆறிப் போற சமாசாரமா?

இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. மூணாம் நம்பர் வண்டி இப்ப எங்க ஊர் வாய்க்கால்லதான் ஓடுது. போன சனிக்கிழமை காலையில ரெண்டு தடவை நின்னுச்சாம். டீக்கடைல பேசிக்கறாங்க. ரெண்டாவது தடவை முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்துச்சாம். சீட்டுல செல்வகுமாரு. மீசை வெச்ச செல்வகுமாரு. அவரும் பயந்துதான் நிறுத்தினாரா? போயி அவரு பேரையும் எழுதுங்க. எழுதினது எழுதினதுதானே உங்களுக்கு.

சிவசங்கரி


மூலக்குளம்
17.8.2025, ஞாயிறு

சிவசங்கரிக்கு,

வெள்ளிக்கிழமை மாதா பண்டிகை. பூசை முடிஞ்சு வந்ததும் புதுச் சட்டையோட நேரா உன் ஊர் வாய்க்காலுக்குப் போனேன். லீவு நாள், ஆனா வேலை நடக்குது, கண்ணையனுக்கு ஏது லீவு. செல்வகுமாரைக் கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே, டீசல் ஃபில்டர்ல அடைப்பு, நானே ஊதி விட்டுட்டேன்"னான். கண்ணு என்னைப் பாக்கல. வாய்க்கால் தண்ணியைப் பார்த்துக்கிட்டே சொல்றான்.

சரின்னு கேபினுக்குள்ள ஏறினேன். டேஷ் போர்டு அடியில கையை விட்டுப் பார்த்தா, பஸ்ஸர் வயரைப் பிடுங்கி டேப் சுத்தி வெச்சிருக்கான். சிவப்பு லைட் மேல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். நாளைக்கு நெஜமாவே ஆயில் ஒழுகினா அந்த எஞ்சின் அரை நிமிஷம் தாங்காது. கேட்டா, "நின்னா நம்மளையும் பயந்தவன்னு எழுதிடுவீங்கண்ணே"ங்கறான். என் மூஞ்சிக்கு நேரா சொல்றான்மா.

பஸ்ஸரைத் திரும்ப மாட்டினேன். நாலாவது சென்சாரையும் போட்டேன். எஞ்சினை ஓட விட்டேன். வழக்கம் போல ஒண்ணும் இல்ல, சாது மாதிரி ஓடுது. எரிச்சலா வருது. முப்பத்தோரு வருஷத்துல என்னை இப்படி ஒரு வண்டி அலைய விட்டதில்ல. சேசுவே, இரும்புக்கும் என் மேல கோபமா.

கேக்கவே கூச்சமாத்தான் இருக்கு. அந்தப் பதினோரு தடவையும் எப்போ எப்போ நின்னுச்சு, அப்ப நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு ஞாபகம் இருக்கா? இருந்தா எழுதி அனுப்பு. நான் எழுதினது தப்புன்னு இப்பவும் ஒத்துக்கல. விவரத்துக்காகக் கேக்கறேன், அவ்வளவுதான்.

சவரிராயன்


தவளக்குப்பம்
20.8.2025

சவரி அண்ணனுக்கு,

ஞாபகம் இருக்கான்னா கேக்கறீங்க? ஜூன் மாசம் ஒரு நோட்டை உங்க டூல் பாக்ஸ் மேல வெச்சு, "அண்ணே, எல்லாம் எழுதியிருக்கேன், ஒரு தடவை பாருங்க"ன்னேன். "வெச்சுட்டுப் போம்மா"ன்னீங்க. சாயங்காலம் வந்து பார்த்தா அந்த நோட்டு மேல உங்க டீ கிளாஸ். அட்டையில வட்டமா கறை. ஒரு பக்கம் கூட புரட்டல. நானே எடுத்துட்டு வந்துட்டேன். அப்ப பார்த்திருந்தா நான் இன்னிக்கு வீட்ல உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்.

செல்வகுமாரு பஸ்ஸரைப் பிடுங்கினாரு, வண்டி ஓடுது, அவரு வேலையில இருக்காரு. நான் கண்ணாடி ஸ்டிக்கர்ல சொன்னபடி நிறுத்தினேன், வீட்ல இருக்கேன். நல்லா இருக்கு உங்க நியாயம். போகட்டும், கேட்டீங்களே, சொல்றேன். உங்களுக்காகச் சொல்லல. அந்த வண்டி பாழாப் போகக் கூடாதுன்னு சொல்றேன்.

பதினொண்ணுல எட்டு தடவை சனிக்கிழமை. மிச்சம் மூணும் மழை பேஞ்ச மறுநாள். முதலாளி வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா வண்டிக்கும் வாட்டர் சர்வீஸ் பண்ணச் சொல்லுவாரே, பைப்பை வெச்சு எஞ்சினுக்குள்ள வரைக்கும் தண்ணி பீச்சி அடிச்சு, அப்புறம் சந்தனம் வெச்சு, எலுமிச்சம் பழம் சுத்தி, சூடம் காட்டி. அதுக்கு மறுநாள் காலையிலதான் எப்பவும் நிக்கும். திங்கள், செவ்வாய் ஆச்சுன்னா ஒண்ணும் இருக்காது. நீங்க எப்ப வந்தீங்க? பில்லு போட வசதின்னு எப்பவும் செவ்வாய், புதன். இந்த மாசம் ரெண்டாம் தேதி ஒரே ஒரு சனிக்கிழமை வந்தீங்க, அதுவும் மத்தியானம், வெயில்ல எல்லாம் காஞ்ச அப்புறம்.

ரெண்டாவது, சும்மா ஓடும்போது ஒரு தடவை கூட நின்னதில்ல. பக்கெட்டை அடி வரைக்கும் இறக்கி, கெட்டிச் சேத்தைப் பிடிச்சு இழுக்கும்போது எஞ்சின் திணறி ஒரு குலுக்கு குலுக்கும் பாருங்க, அந்தக் குலுக்கல்லதான் லைட் எரியும். யார்டுல நிழல்ல நிறுத்தி ஓட விட்டு, பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்தா அது எப்படிக் காட்டும்?

சனிக்கிழமை காலையில வாய்க்காலுக்குப் போங்க. பக்கெட் நிறைய இழுக்கச் சொல்லிப் பாருங்க. எட்டு மணிக்குப் போங்க. உங்க எட்டு மணி பத்தரை ஆகும், தெரியும். நெஜ எட்டு மணிக்குப் போங்க.

சிவசங்கரி


மூலக்குளம்
25.8.2025, திங்கள்

அன்புள்ள சிவசங்கரிக்கு,

ஏழே முக்காலுக்கே போயிட்டேன். போஸ்ட்மேன் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் உன் லெட்டரைக் குடுத்தான். நல்ல வேளை, அன்னிக்கே கையில கிடைச்சுது.

இந்தத் தடவை பிளக்கைக் கழட்டல. மாட்டினது மாட்டினபடியே இருக்க, பின்பக்க ரப்பர் வழியா மெல்லிசா ஒரு கம்பியை நுழைச்சு, மீட்டர் வயரைக் கேபின் வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்து செல்வகுமாரு காலடியில உட்கார்ந்தேன். "இழுடா"ன்னேன். நாலு பக்கெட் வரைக்கும் மீட்டர்ல அஞ்சு. அஞ்சாவது பக்கெட் கெட்டிச் சேறு. எஞ்சின் திணறிச்சு, நீ சொன்ன அந்தக் குலுக்கு குலுக்கிச்சு. மீட்டர்ல நாலு ஆச்சு, மூணு ஆச்சு, ரெண்டு ஆச்சு, பஸ்ஸர் கத்துச்சு. மாதாவே, என் கண்ணால பார்த்தேன். அப்பக் கூட ஆயில் நல்லாத்தான் இருக்கு. சென்சாருக்குப் போற கரண்டுதான் வழியில காணாமப் போவுது. கரண்டு குறைஞ்சதும் சென்சாரும் பிரஷர் குறைவுன்னு பொய் சொல்லுது. உனக்கு அது பொய்யா நெஜமான்னு எப்படித் தெரியும்? யாருக்கும் தெரியாது. நிறுத்தறதுதான் சரி.

அஞ்சு வோல்ட் சுத்தமா வருதுன்னு உனக்கு எழுதினேனே. பிளக்கைக் கழட்டிட்டுப் பார்த்தா வரத்தான் செய்யும். இத்துப் போன கயிறு கூட ஒண்ணும் தொங்க விடலன்னா உறுதியாத்தான் தெரியும். சுமையோட பார்க்கணும்னு புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்குச் சொல்றவன் நான். நானே பார்க்கல.

அப்புறம் வயரைத் தேடினேன். எஞ்சின்லேர்ந்து சட்டத்துக்குத் தாண்டற இடத்துல ஒரு கிளிப் இருக்கு. அதுக்கு ஒரு சாண் மேல. வெளியில பார்த்தா புது வயர் மாதிரி பளபளன்னு இருக்கு. விரலால மடக்கினேன், கொழகொழன்னு மடங்குது. பிளேடால கீறினேன். உள்ள செம்பே இல்ல. பச்சையா மாவு மாதிரி கொட்டுது. ரெண்டே ரெண்டு இழைதான் பிடிச்சுக்கிட்டிருக்கு. எஞ்சின் குலுங்கினா அதுவும் விட்டுப் பிடிக்குது.

ஏன் அந்த இடத்துல மட்டும்னு பார்த்தேன். வயர் தோல் மேல சின்னச் சின்னதா ஓட்டை. வரிசையா ஏழு. ஊசி ஓட்டை.

டெஸ்ட் லேம்ப் ஊசி. எங்க ஆளுங்க எல்லாரும் செய்யறதுதான், பிளக்கைக் கழட்ட சோம்பல் பட்டா வயர்லயே ஊசியைக் குத்தி கரண்டு வருதான்னு பார்ப்போம். அந்த வண்டி எஞ்சின்ல என்னைத் தவிர வேற யாரும் வயரிங்ல கை வெச்சதில்ல. அந்த இடம் குனியாம கைக்கு எட்டற இடம். மூணு வருஷமா அங்கதான் குத்தறேன். நான் குத்தின ஓட்டை வழியா வெள்ளிக்கிழமைத் தண்ணி உள்ள போயி செம்பைத் தின்னிருக்கு. ஒவ்வொரு தடவை சென்சார் மாத்தும்போதும் எதுக்கும் பார்ப்போம்னு இன்னொரு குத்து. உன் வண்டியை நிறுத்தினதே நான்தான்மா.

புது வயர் இழுத்துட்டேன். பத்து பக்கெட் முழுசா இழுக்க வெச்சேன். மீட்டர் அசையல.

கண்ணையன்கிட்ட, "வயர் பழசாயிடுச்சு, மாத்திட்டேன்"னு சொல்லியிருக்கேன். அவரும் சரின்னுட்டாரு. நான் உன்கிட்ட மன்னிப்பு கேக்கறேன், மனசாரக் கேக்கறேன். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். கொஞ்ச நாள் போனதும் உன்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி நானே அவருகிட்ட பேசறேன்.

உன் அண்ணன் மாதிரி,
சவரிராயன்


தவளக்குப்பம்
28.8.2025

சவரி அண்ணனுக்கு,

படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை, அப்பாடா, நான் பைத்தியம் இல்லன்னு இருந்துச்சு. ரெண்டாவது தடவை படிக்கும்போது கடைசிப் பத்தி வந்துச்சு.

நம்ம ரெண்டு பேருக்குள்ளயா? என்னைப் பயந்தாங்கொள்ளின்னு எழுதினது மட்டும் ஊரு பூரா போகணும், உங்க ஊசி மட்டும் நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கணுமா? இந்த மன்னிப்பை நான் என்ன பண்றது அண்ணே, கண்ணாடி போட்டு சுவத்துல மாட்டவா? ஆதிமூலம் போன்ல என்ன இருக்கு? "பயந்து நிறுத்துகிறார்" இருக்கு. "வயர் பழசு"ன்னு சொல்லிட்டீங்களாம். வயர் பழசுன்னா நான் பயப்படலன்னு ஆயிடுமா? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஜாப் கார்டுல எழுதினீங்க இல்ல, அதே மாதிரி எழுதணும். தேதி போட்டு, கையெழுத்து போட்டு, முதலாளி பேருக்கு. பதினோரு தடவையும் இந்தப் பொண்ணு சரியாத்தான் நிறுத்திச்சுன்னு.

உங்க கையெழுத்துதான் என்னை இறக்கி விட்டுச்சு. உங்க கையெழுத்துதான் ஏத்தி விடணும்.

சிவசங்கரி


மூலக்குளம்
2.9.2025

சிவசங்கரிக்கு,

மூணு தடவை எழுத உட்கார்ந்தேன். மூணு பேப்பரும் கசங்கி குப்பையில கிடக்குது.

உனக்கு ஒரு வண்டி. எனக்கு கண்ணையனோட ஒன்பது வண்டி. என் ஒர்க் ஷாப்பே அதுலதான் ஓடுது. "நானே ஊசி குத்தி நானே கெடுத்தேன், நாலு சென்சாரை வேற வீணாக்கினேன்"னு எழுதிக் குடுத்தா அந்த மனுஷன் என்னை யார்டு கேட்டுக்குள்ள விடுவாரா? ஊரு பூரா அந்த குரூப்புல போடுவாரு. அம்பத்தாறு வயசுல சிரிப்பா சிரிக்கணுமா நான்? வாயால வேணா சொல்றேன். கண்ணையனைத் தனியாப் பார்த்து, பக்குவமா, ஒரு நல்ல நேரம் பார்த்து.

பெர்னதெத் நாலு நாளா என்கிட்ட பேசறதில்ல. உன் லெட்டரை மாதா படத்துக்குக் கீழ வெச்சிருக்கா. தினமும் சாயங்காலம் செபம் சொல்லும்போது அதுதான் கண்ணுல படுது. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஒரு வழி பண்ணிடுவீங்க போல.

கொஞ்சம் டைம் குடும்மா.

சவரிராயன்


தவளக்குப்பம்
5.9.2025
(தபால் கார்டு)

அண்ணே,

ஆகஸ்ட் ரெண்டாம் தேதி அந்த வரியை எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு? அவ்வளவு நேரம் எடுத்துக்கோங்க.

சிவசங்கரி


மூலக்குளம்
9.9.2025

அன்புள்ள சிவசங்கரிக்கு,

கார்டுல எழுதறியே, போஸ்ட்மேன் சத்தமாப் படிச்சுக்கிட்டே வந்து குடுக்கறான்.

ஒரு நிமிஷம் கூட ஆகல அன்னிக்கு. வண்டி பேனட் மேலயே கார்டை வெச்சு, நின்னுக்கிட்டே எழுதினேன். பசி வேற.

நேத்து மாதா பிறந்த நாள். பூசைக்குப் போயிட்டு வந்து உட்கார்ந்து எழுதிட்டேன். கண்ணையன் கையில குடுத்துட்டேன். அவரு படிச்சாரு. என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. "சவரி, உன் சாமானையெல்லாம் எடுத்துக்கோ"ன்னாரு. யார்டுல என் டூல் பாக்ஸ் ரெண்டு கிடந்துச்சு, எடுத்துட்டு வந்துட்டேன். அவ்வளவுதான். பெர்னதெத் மட்டும் பேசறா.

உன் மேல எனக்குக் கோபம் இல்லன்னு சொன்னா அது பொய். கொஞ்சம் இருக்கு. ஆனா நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

அவருக்குக் குடுத்ததோட நகல் கீழே.

"திரு. கண்ணையன் அவர்களுக்கு. மூன்றாம் நம்பர் செயின் வண்டி மே மாதம் முதல் சிவசங்கரி ஓட்டியபோது பதினோரு முறையும், அதன் பிறகும் நின்றதற்குக் காரணம் ஆயில் பிரஷர் சென்சாருக்குச் செல்லும் வயர் உள்ளே அரித்துப் போனது. அந்த வயரில் டெஸ்ட் லேம்ப் ஊசியால் குத்தி ஓட்டை போட்டது நான். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கியது. ஆபரேட்டர் சிவசங்கரி பதினோரு முறையும் விதிப்படி, சரியான நேரத்தில் எஞ்சினை நிறுத்தினார். அவர் குறித்து வைத்த விவரங்களைக் கொண்டுதான் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. 2.8.2025 அன்று அவர் பயந்து நிறுத்துகிறார் என்று நான் எழுதியது தவறு. இப்படிக்கு, ச. சவரிராயன், எலக்ட்ரீஷியன்."

உன் அண்ணன்,
சவரிராயன்


தவளக்குப்பம்
17.9.2025, புதன்

சவரி அண்ணனுக்கு,

நகலைப் படிச்சு அழுதேன். சொல்லிடறேன், வெக்கப்பட என்ன இருக்கு. "சரியான நேரத்தில்"னு எழுதியிருந்தீங்களே, அந்த இடத்துல அழுதேன். நாலு மாசமா எனக்கு அதை யாருமே சொல்லல.

முதலாளி வெள்ளிக்கிழமை கூப்பிட்டாரு. ஒண்ணுமே நடக்காத மாதிரி, "திங்கள்லேர்ந்து வந்துடும்மா, செல்வகுமாரை ரெண்டாம் நம்பர்ல போடறேன்"னாரு. நான் போனேன். சாவியை வாங்கல. முதல்ல சவரி அண்ணன் லெட்டரை அதே குரூப்புல போடுங்கன்னேன். முணுமுணுத்தாரு, போட்டாரு. இந்தத் தடவை சிரிக்கற பொம்மை ஒண்ணும் விழல. கால் மணி நேரத்துல ஆதிமூலம் எனக்கு போன் பண்ணி, "நம்ம வண்டிக்கு வர்றியாம்மா"ங்கறாரு. டீ ஆறிப் போச்சுங்கன்னு சொல்லி வெச்சுட்டேன்.

அப்புறம்தான் கேட்டேன், "வயரிங்குக்கு இனி யாரு வருவா?"ன்னு. "புதுசா ஒருத்தனைப் பார்த்திருக்கேன், அந்த சவரி இனி என் கேட்டைத் தாண்டக் கூடாது"ன்னாரு. அப்ப நானும் தாண்ட மாட்டேன்னுட்டேன். எனக்கே தெரியல, எங்கேர்ந்து அந்த வாய் வந்துச்சுன்னு. அந்த மனுஷன் உன்னைக் கேவலப்படுத்தினவன், அவனுக்கா நீ பேசறேன்னு கத்தினாரு. ஆமா, கேவலப்படுத்தினாரு, அதை நான் அவருகிட்ட பேசிக்கறேன்னேன்.

"முதலாளி, பன்னண்டு வருஷ ஜாப் கார்டெல்லாம் அலமாரியில வெச்சிருக்கீங்களே. ஒன்பது வண்டி, எத்தனையோ மெக்கானிக்கு. 'தப்பு என்னுது'ன்னு எவனாவது எழுதிக் குடுத்த பேப்பர் ஒண்ணு அதுல இருந்தா காட்டுங்க, நான் பேசாமப் போயி வண்டி ஏறறேன்"ன்னேன்.

வீம்புக்குன்னே அலமாரியைத் திறந்தாரு அண்ணே. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு ஃபைலா எடுத்தாரு. நானும் எதிர்லயே நின்னேன். வயர் பழசு. பார்ட் டூப்ளிகேட். டீசல்ல தண்ணி. ஆபரேட்டர் கவனக்குறைவு. ஆபரேட்டர் கவனக்குறைவு. ஆபரேட்டர் கவனக்குறைவு. முக்கால் மணி நேரம் ஆச்சு. ஒன்பது ஃபைலையும் மூடிட்டு, திரும்ப அலமாரியில அடுக்கினாரு. அப்புறம் சாவியை எடுத்து மேசை மேல வெச்சுட்டு, "அந்த ஆளை சனிக்கிழமை வரச் சொல்லு"ன்னாரு.

சொல்லிட்டேன். வாங்க. கோபம் எனக்கு இன்னும் தீரல, மீதியை நேர்ல வெச்சிருக்கேன், வந்து வாங்கிக்கோங்க.

உங்க தங்கச்சி,
சிவசங்கரி
மூணாம் நம்பர் வண்டி ஆபரேட்டர்